உசனாரின் எட்டும் எழுபத்தொன்பதும்

மன்னார் எருக்கலம்பிட்டி மீரான் மரைக்காரின் மூன்றாவது மகன் உசனாருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அது தாய் வழியில் வந்த குணம் என்பார்கள். அவருடைய உம்மாவின் தம்பி ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மற்றதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் உள்ளே போவார். உசனாருக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, ஊரை விட்டுக் கிளம்பிய நேரம் படகு எஞ்சினைப் பக்கத்து வீட்டுச் சிநேகிதனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். சண்டை முடிந்து, ஆசையோடு போய்க் கேட்டார். "எந்த எஞ்சின்?" என்றான் அந்த மனிதன்.

இப்போது குடியிருப்பு புத்தளத்துக் கரைத்தீவில். கடல் திறக்கிற காலத்தில் உச்சமுனைக் கரையில் வாடி என்கிற ஓலைக் குடிசை அடித்துத் தங்கி, கடலட்டை பிடிக்கத் தண்ணீருக்குள் ஆள் இறக்குவார். அட்டை எல்லா இடத்திலும் கிடக்காது. கிடக்கிற இடத்தில் படகை நிறுத்தி, ஜிபிஎஸ் கருவியில் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த இடம் எண்களாகப் பதிந்துவிடும். அடுத்த தடவை அது நேரே அங்கே கொண்டுபோய் விடும். படகுக்காரச் சம்மாட்டிமார் அதைப் பொயின்ட் என்பார்கள். உசனாரின் ஜிபிஎஸ்ஸில் அவர் வருடக்கணக்காகத் தேடிச் சேர்த்த பொயின்ட்கள் இருந்தன. அவருடைய சொத்தும் சோறும் அதுதான். கரைக்கு வந்ததும் அதைப் பொலித்தீனில் சுற்றி, அரிசித் தகரத்துக்குள் புதைத்து, தகரத்தின் மேல் தலை வைத்துப் படுப்பார்.

மகள் ஸஃப்னாவைக் கட்டிய ஹுனைஸ் எத்தாளை ஊர்ப் பையன், பரம்பரையாகப் புத்தளத்துக்காரன். நல்ல மூச்சுக்காரன், ஆழம் தாங்குவான். அதனால்தான் உசனார் அவனைத் தம் படகில் ஏற்றினார். ஆனாலும், 'வந்தான் வரத்தான் என்று நம்மைச் சொன்ன ஊரில் பிறந்தவன்தானே' என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் ஹுனைஸின் மூத்த சகோதரியான லாத்தாவின் மகன் கட்டாரிலிருந்து வந்தபோது அவனுக்கு ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கையிலே அடங்கும். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் பொத்தான். ஹுனைஸ் கரையில் ஓய்ந்திருக்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருப்பான். அமுக்கினால் அமுக்கட்டும். ஆனால் அதைக் கொண்டுபோய் அடுத்த வாடியில் உட்கார்ந்தான். அடுத்த வாடி மர்ஸூக்குடையது. மர்ஸூக்கும் அட்டைச் சம்மாட்டிதான். அவனுடைய ஆட்களும் ஹுனைஸும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதும், "இஞ்ச, இஞ்ச, போடு" என்று கத்துவதும் உசனாரின் காதில் விழுந்தது.

'எங்கே போடச் சொல்கிறான்கள்?'

அந்த வாரமே மர்ஸூக்கின் படகு, உசனார் மட்டும் போகிற பக்கமாக மூக்கை நீட்டியிருந்தது.

ஒரு நாள் ஹுனைஸ் அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்யப் போன நேரம், பெட்டியைப் பாயில் வைத்துவிட்டுப் போனான். உசனார் குனிந்து பார்த்தார். தலை பூசணிக்காய் அளவும் உடம்பு சுண்டுவிரல் அளவுமான கேலிப்பட மனிதர்கள் ஒரு பந்தை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றார்கள். பின்னால் ஒரு தரை. அதில் வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு வட்டம், இரண்டு முனையிலும் குடா மாதிரி வளைவு. மேலே பெரிய எழுத்தில் இரண்டு எண்கள்.

ஒன்று 8. மற்றது 79.

உசனார் இன்னும் குனிந்து பார்த்தார். அவர் படித்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கடலில் எந்தப் பொயின்ட்டை எடுத்தாலும் ஒரு வரி எட்டில் தொடங்கும், மற்ற வரி எழுபத்தொன்பதில் தொடங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அட, படுபாவி! பொம்மையைக் காட்டி மறைத்திருக்கிறான். போனுக்குப் போன் கம்பி இல்லாமல் பாட்டு அனுப்புகிற காலம் இது. பக்கத்தில் வைத்தே என் பொயின்ட்டை எல்லாம் இந்தப் பெட்டி உறிஞ்சுகிறது. வட்டம் தீவு, வளைவு முகத்துவாரம், மிச்ச எண் இனிமேல்தான் வரப்போகிறது.

அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அரிசித் தகரத்தைத் திறந்தார். ஜிபிஎஸ்ஸை எடுத்தார். ஒவ்வொரு பொயின்ட்டாக அழித்தார். 'இருந்தால்தானே எடுப்பாய்? இடம் என் கண்ணுக்குள்ளே இருக்கிறது, அதை உறிஞ்சு பார்ப்போம்.' அழித்து முடித்துத் தகரத்தை மூடியபோது, திருடனின் கையை வெட்டின மாதிரி ஒரு திருப்தி.

ஹுனைஸ் தொழுதுவிட்டு வந்ததும் வாசலிலேயே மறித்தார்.

"மர்ஸூக்குக்கு எத்தின குடுத்த?"

"என்ன மாமா?"

"நடிக்காத. எட்டும் எழுபத்தொம்பதும் என்ன? நான் பாத்திட்டன்."

ஹுனைஸ் பெட்டியை எடுத்துப் பார்த்தான். முதலில் முழித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "அது கோல் கணக்கு மாமா. கூடைக்குள்ள பந்து போடுற வெளாட்டு. எழுபத்தொம்பது என்ட. எட்டு மெசின்ட."

"மெசினோட ஆராச்சும் வெளாடுவானா? கூடைக்குப் பந்து போடுறது பள்ளிக்கூடத்துப் பொம்பிளப் புள்ளையள். எனக்குக் கத உடாத."

சத்தம் கேட்டு மர்ஸூக் பிளேன்டீக் கோப்பையோடு வந்துவிட்டான். விஷயம் விளங்கியதும் அவன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சாரனில் கொட்டிற்று.

"உசனார் காக்கா, இந்தத் தலையன்மாரா ஒங்கட அட்டையக் களவெடுக்கிற? என்ட பொடியன்மார் ஒங்கட மருமகனிட்டத் தோத்துத் தோத்து வேலைக்கும் வாறானுகள் இல்ல."

"சரி. திரும்ப எட்டு எடு பாப்பம்," என்றார் உசனார்.

ஹுனைஸ் உட்கார்ந்து விளையாடினான். பெருந்தலையன்கள் தென்னை உயரத்துக்கு எம்பினார்கள், பந்தில் நெருப்புப் பிடித்தது, வளையம் உடைந்து விழுந்தது. கணக்கு அறுபத்துநாலும் இருபத்தொன்றும் என்று முடிந்தது. 'எண்ணை மாற்றிவிட்டான்' என்று நினைத்தார். இன்னொரு தரம் ஆடச் சொன்னார். வேறு எண் வந்தது. மூன்றாம் தரம் பெட்டியைத் தாமே வாங்கி, கண்டபடி அமுக்கினார். அவர் பக்கம் ஒன்றும் ஏறவில்லை. மெசின் பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று.

அப்போதுதான் உறைத்தது. மருமகன் களவெடுக்கவில்லை. அப்படியானால், தாம் அழித்தது?

பெட்டியைப் பாயில் வைத்துவிட்டுப் போய், அரிசித் தகரத்தின் மேல் தலை வைத்துப் படுத்தார்.

காலையில் படகை எடுத்தார். கண்ணுக்குள் இருப்பதாக நினைத்த இடம் கண்ணுக்குள் இல்லை. மன்னார்க் கடலென்றால் பள்ளி மினாராவையும் பனையையும் வைத்து இடம் பிடிப்பார். அது வாப்பா காட்டிக் கொடுத்தது. இந்தக் கடலுக்கு அவர் வந்தேறியவர். இங்கே அவருக்கு வழி காட்டியது அந்தக் கருவி ஒன்றுதான். எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். இங்கே இறங்கு, அங்கே இறங்கு என்று ஹுனைஸை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் வெறும் மணலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான்.

"மாமா, பொயின்ட்டப் பாத்துப் போகலாமே?"

உசனார் எஞ்சினை நிறுத்தினார். ஜிபிஎஸ்ஸை அவன் மடியில் போட்டார். ஹுனைஸ் பொத்தானை அமுக்கினான். திரும்பவும் அமுக்கினான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"மகன்," உசனாரின் குரல் இறங்கிவிட்டது. "ஒண்டு கேக்கிறன். ஏச மாட்டன், ஸஃப்னாட்டயும் சொல்ல மாட்டன். நீ எடுத்திருந்தியெண்டாச் சொல்லு. ரெண்டு மூண்டாவது எடுத்திருப்பாய்தானே?"

"அல்லாஹ்மேல ஆணையா இல்ல மாமா. எடுத்திருந்தா இப்பவே தந்திருப்பன்."

"ஒண்டாச்சும்?"

"இல்ல மாமா."

தன் வீட்டில் ஒரு கள்ளன் இருந்திருக்கக் கூடாதா என்று உசனார் ஏங்கியது அன்றைக்குத்தான்.

தூரத்தில் மர்ஸூக்கின் படகு நின்றது. அவனுடைய ஆட்கள் அட்டை நிறைந்த பையோடு மேலே வந்துகொண்டிருந்தார்கள். அது என் இடமா, அவன் இடமா? உசனார் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். சொல்லத் தெரியவில்லை.

"மர்ஸூக் காக்காட்டக் கேட்டுப் பாக்கட்டா? பக்கத்தில ஒரு எடம் எங்களுக்கும் காட்டுவாரு. நல்ல மனிசன்."

"நல்ல மனிசனாமே." உசனார் எஞ்சினைப் போட்டு, மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினார். நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தார்.

"நீயே கேளு. அவன்ட பொடியன்மார் ஒனக்குக் கூட்டாளிதானே. ஆனா, எங்கட கையில ஒண்டும் இல்லெண்டு மட்டும் சொல்லிராத."

ஹுனைஸ் தண்ணீரில் குதித்து நீந்திப் போய் மர்ஸூக்கின் படகு விளிம்பைப் பிடித்தான். இருவரும் ஏதோ பேசினார்கள். மர்ஸூக் சிரித்தான்.

இவ்வளவு நேரம் கதைக்க என்ன இருக்கிறது என்று உசனார் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.