ரபிகளுக்கு ஆள் சேர்த்த கதை

பழங்கால யூத சமூகத்தில் ரபிகள் எனும் மறை அறிஞர்களுக்கும் ஆலயக் குருக்களுக்கும் என்ன இழுபறி என்று பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கூடும் லா ஷப்பலில் தமிழில் வகுப்பு எடுப்பது, யாரும் கேட்காத தொழில். ஆளில்லாத கூடத்தில் பேசிப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். புதுச்சேரியிலிருந்து வந்து இதில் டாக்டர் பட்டம் வாங்கியும் எந்தக் கல்லூரியும் என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தமிழ்ச் சங்கம் ஞாயிறுதோறும் கூடம் கொடுத்தது. ஐந்து பேர் வராவிட்டால் வகுப்பு கிடையாது என்பது நிபந்தனை.

முதல் ஞாயிறு

மளிகைக் கடையில் ‘வரலாற்று வகுப்பு, இலவசம்’ என்று ஒட்டியிருந்தேன். ஒன்பது பேர் வந்ததும் தலைகால் புரியவில்லை. குருப்பட்டம் பிறப்பால் வருவது, ரபி என்ற பெயர் படிப்பால் வருவது என்று ஒரு மணி நேரம் விளாசினேன். ரெஸ்டாரண்டில் வேலை செய்யும் ஒருவர் கை தூக்கினார்.

“சேர், நஷனாலித்தே இன்டர்வியூவிலை இதுவும் கேப்பினமோ?”

பிரெஞ்சுக் குடியுரிமை நேர்காணலில் இதைக் கேட்க மாட்டார்கள் என்றேன். நாலு பேர் எழுந்து போனார்கள்.

யாருக்கு முதலிடம்

எருசலேம் ஆலயம் இடிந்தபின் குருக்களுக்கு வேலை போனது, மரியாதை போகவில்லை. ரபிகளோ, படிக்காத தலைமைக் குருவைவிடப் படித்தவன், இழிபிறப்பாளனே ஆனாலும், மேல் என்றார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயரும். மீதி ஐந்து பேரில் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கோயில் ஐயர். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார்.

“ஓம் சேர், படிச்சவருக்குத்தான் முதலிடம். ஆனா புதுவீட்டுக் குடிபூரலுக்கு சனம் உங்களையோ கூப்பிடுது, என்னையோ?”

தோல் நோய்

தோலில் வெள்ளை படர்ந்தால் தீட்டா இல்லையா என்று அறிவிக்கும் உரிமை குருவுக்கு மட்டும். அவருக்கு விவரம் தெரியாவிட்டால், தெரிந்த அறிஞர் பார்த்து “தீட்டு என்று சொல்” என்பார். குரு அப்படியே சொல்வார், அதுதான் செல்லும். நான் உயிரைக் கொடுத்து ஆராய்ந்த பகுதி இது. கார்ஜ் லே கொனெஸ் புறநகரிலிருந்து வரும் அக்கா பெருமூச்சு விட்டார்.

“பாவம் அந்த வருத்தக்காரன். ரெண்டு பேரும் வருமட்டும் எல்லோ காத்துக்கொண்டு நிக்கோணும்!”

அடுத்த வாரம் அவருக்கு ஞாயிறு வேலை கிடைத்துவிட்டது.

நாலு பேர்

ஐந்தாவது ஆளுக்காக ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வரை தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சினேன். ஒருவரும் வரவில்லை. இனி இந்தப் பாடத்தை எங்கே பேசுவேன்? சங்கத் தலைவர் நல்ல மனிதர், பிரெஞ்சில் எழுத வராது. தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“குறை நினையாதையும் தம்பி. வகுப்பை நிப்பாட்டுறம் எண்டு காசு தாற நகரசபைக்கு அறிவிக்கோணும். நீரே நல்ல பிரெஞ்சிலை எழுதித் தாரும், நான் கையெழுத்து வைக்கிறன்.”

எழுதிக் கொடுத்தேன், இத்தனை வருஷத்தில் என் படிப்பை முழுசாக நம்பி, ஒரு வரிகூட வாசிக்காமல் ஒருவர் ஏற்றுக்கொண்டது அந்தக் கடிதத்தை மட்டும்தான்.