தேயாத டயர்

எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து, பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு ஜீப்பை வாங்கினார்கள். சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கத்தான் வாங்கியது. ஓட்டுவது எங்கள் வீட்டுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து கைகாட்டுவது அண்ணன், என் மச்சாண்டார். ஓட்டத் தெரியாதவருக்குத்தான் வாய் அதிகம்.

மலைத் தோட்டக்காரர் ஒருவர், கார்த்திகைக்குப் பழநிக்குப் போகிற காயை எங்களை நம்பி வெட்டப்போவதாகச் சொன்னார். அதுவரை அவர் தோட்டத்துக் காய் குதிரை முதுகில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மழையிலும் சொன்ன நாளில் வண்டி மேலே வந்தால் வருஷம் முழுக்கச் சுமை எங்களுக்கு. வராவிட்டால் பழையபடி குதிரைக்காரனுக்கு. பேச்சு அம்புட்டுத்தான்.

ஜீப்போடு வந்த டயரெல்லாம் மொழுமொழுவென்று இருந்தது. புதுசு பார்க்கத் திண்டுக்கல் போனார்கள். நானும் போனேன். என் தோடும் அந்த ஜீப்புக்குள்தானே போயிருந்தது.

கடைக்காரர் இரண்டு தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று கட்டை கட்டையாக வெட்டினது, ஆழப் பள்ளம், ரப்பர் கொஞ்சம் மெத்து. சேற்றைக் கவ்வி ஏறும், தார் ரோட்டில் ஓடினால் சீக்கிரம் கரைந்துவிடும் என்றார். இன்னொன்று மேலாகக் கோடு கிழித்தது, கெட்டி ரப்பர். லேசில் தேயாது, ஈர மண்ணில் மட்டும் நம்பவேண்டாம் என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது.

மச்சாண்டார் காதில் தேயாது என்கிற சொல் மட்டும் விழுந்தது. வெண்டைக்காய் வாங்குகிறவர் மாதிரி இரண்டிலும் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் இறங்காததுதான் நல்லது என்றார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பார்த்துப் பழகின ஆள். கெட்டியாக இருந்தால் நல்ல பட்டை, அதுதான் அவர் படித்த படிப்பு. மாட்டு வண்டியை மாடு இழுக்கிறது, சக்கரம் சும்மா உருண்டால் போதும். ஜீப்பைச் சக்கரம்தானே இழுக்கணும்? எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இது தெரிய எழுத்து எதற்கு?

"ஏறாத வண்டிக்குத் தேயாத டயர் எதுக்கு?" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். மச்சாண்டாரிடம் நேரே பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. அவரும் தம்பியிடம்தான் பதில் சொன்னார்.

"ஏலே, மலை கொஞ்ச தூரந்தான். மிச்சம் பூராத் தார் ரோடு. வண்டி சங்கதி நமக்குத் தெரியும்னு சொல்லு."

நடுவில் நின்றவர் கழுத்தைச் சொறிந்தார். அது அவருக்கு நன்றாக வரும். கெட்டி டயரே ஏறியது.

வெட்டுகிற நாளும் வந்தது, மழையும் வந்தது. தார் அடிபடாமல் சருகு வைத்து அடுக்க நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அடிவாரம் வரை ஜீப் பறந்தது. மலையில் மூன்றாவது வளைவில் செம்மண் வழுக்க, நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுற்றின. கல்லை முட்டுக் கொடுத்தார்கள். தழையை வெட்டிப் போட்டார்கள். மச்சாண்டார் தோள் துண்டைக்கூடச் சக்கரத்துக்கு அடியில் விரித்தார். துண்டு போனதுதான் மிச்சம்.

தோட்டக்காரர் உச்சிப்பொழுது வரை பார்த்திருக்கிறார். பிறகு ஆள் விட்டுக் குதிரைக்காரனைக் கூப்பிட்டுவிட்டார். எங்களுக்கு என்று வெட்டின தாரைச் சுமந்துகொண்டு குதிரைகள் மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

"அப்பு, செத்த ஓரமா நில்லுங்க. பழநிச் சரக்கு போகுது" என்றான் குதிரைக்காரன்.

மச்சாண்டார் குத்தவைத்து, டயரிலிருந்த சேற்றைக் கையால் வழித்தார். "ஏலே தம்பி, பாத்தியா, ஒரு நூல் தேயல."

நான் நேரே மச்சாண்டார் பக்கம் திரும்பினேன். வழக்கமாவது ஒன்றாவது.

"தேயாது மச்சான். இங்கனயே நின்னா எப்படித் தேயும்?"

அவர் தம்பியைப் பார்த்து, வண்டியைப் பின்னுக்கு விட்டு இறக்கச் சொன்னார்.

அந்த வருஷம் முழுக்கக் காய் குதிரையில்தான் இறங்கியது. எங்கள் ஜீப் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் ஓடியது. மச்சாண்டார் முன் சீட்டில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களிடமெல்லாம் டயரின் பெருமையைச் சொல்வார். ஓடுகிற வண்டியிலிருந்து அவர்களும்தான் எங்கே போவார்கள், கேட்டுக்கொண்டு வந்தார்கள்.