சிஸ்டர் பார்த்த கோணல் கோடுகள்

மேனேஜர் ஒரு பென் டிரைவை என் மேசை மேல் வைத்தார். "டிசைன் சாஃப்ட்வேர் கீது. கிராக் பண்ணது. போட்டுக்க. லைசென்ஸ் வாங்கல்லாம் நம்மால முடியாது."

சிறுசேரியில் ஆறு பேர் மட்டும் இருந்த நிறுவனம் அது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கிளினிக்குக்கு, நோயாளிகளைப் பதிவு செய்யும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். திரையில் எது எங்கே வர வேண்டும் என்று முதலில் வரைந்து காட்டுவது என் வேலை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. படாளத்தில் நெல் போடுகிற எங்கள் வீட்டுக்கு என் சம்பளம் தேவைப்பட்டது. இருந்தும், "திருட்டு சாஃப்ட்வேர்ல வேலை செய்ய மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீயே எத்தயாவது தேடிக்க" என்றார்.

ஒரு வாரம் தேடினேன். இலவசமாகக் கிடைத்த ஒன்று மூன்று திரைகளுக்கு மேல் சேமிக்க விடவில்லை. இன்னொன்று என் பழைய லேப்டாப்பில் திறப்பதற்குள் டீ ஆறிப்போனது. கடைசியில், ஒரே தடவை விலை கொடுத்தால் போதும் என்றிருந்த எளிய மென்பொருளை என் காசில் வாங்கினேன். அதில் எதை வரைந்தாலும் பென்சிலால் கிறுக்கியது போலக் கோணலாகத்தான் வரும். நிறமும் கிடையாது. "எல்கேஜி புள்ள வரைஞ்சா மாதிரி கீது" என்று மேனேஜர் சிரித்தார். கிராக் செய்த மென்பொருளில் அவரே அதே திரைகளைப் பளபளவென்று தயாரித்துக்கொண்டார்.

அவற்றைக் காட்ட கிளினிக்குக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். அங்கே எல்லோரும் 'சிஸ்டர்' என்று அழைக்கும் தலைமை நர்ஸ் அவற்றைப் பார்த்தார். "நல்லாக்கீது சார்" என்று சொல்லி எழுந்துகொண்டார். நான் யாரிடமும் கேட்காமல் என் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். சிஸ்டர் மறுபடி உட்கார்ந்தார்.

"இது இன்னும் முடியலதான? அப்ப சொல்றேன். போன் நம்பர் போடாம அடுத்த பக்கம் போவாதா? கோயில் மலை ஏறி மயங்கி வுழுந்தவங்கள தூக்கினு வராங்க. அவங்களாண்ட எப்படிம்மா நம்பர் கேக்கறது?"

அரை மணி நேரம் விரலால் தொட்டுத் தொட்டுத் தப்புகளைச் சொன்னார். அவர் சொன்ன அத்தனை தப்புகளும் மேனேஜரின் திரைகளிலும் இருந்தன. அதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது முடிஞ்சுபோனா மாதிரி இருந்துச்சு. இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டேன்" என்றார்.

திரும்பும்போது காரில் மேனேஜர், "அந்தம்மா சொன்னத என் ஸ்க்ரீன்ல மாத்திக் குடு" என்றார். முடியாது என்றேன். சிஸ்டர் திருத்தியது என் திரைகளை. அவற்றை வைத்துத்தான் செயலியைக் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கட்டினார்கள். அடுத்த வாரமே என்னை வரையும் வேலையிலிருந்து எடுத்து, பிழை தேடும் டெஸ்டிங்குக்கு மாற்றினார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.  வருத்தமில்லை.

இப்போது மாமல்லபுரத்தில் தனியாக வேலை செய்கிறேன். போன வாரம் ஒரு விடுதிக்காரர் என் திரைகளைப் பார்த்து, "இன்னா மேடம், கலர் கூட இல்லியே" என்று முகம் சுளித்தார்.

"கலர் கடைசியில வரும். மொதல்ல இதுல இன்னா தப்புன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.