திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ

கடலில் போகிறவனுக்குக் கரையில் உட்கார்ந்துகொண்டு வழி சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. எழுபதுகளின் முற்பாதியில், சென்னைப் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ரேடியோ கடையில், சிறு படகுகளுக்கான மின்கருவிகளைத் தேர்ந்து கொடுத்தேன். போய்ப் பொருத்தியும் கொடுத்தேன். ரேடார், கம்பியில்லாப் பேசும் கருவி, ஆழம் பார்க்கும் கருவி, திசைகாட்டி என்று விலைப்பட்டியலில் எல்லாம் உண்டு. அலமாரியில் பாதிதான் உண்டு. பொருளோடு சேர்த்துப் பாடமும் நடத்திவிட்டு, பிறகு அந்தப் பாடத்தாலேயே மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பச்சைக் கோடு

பகல் இரண்டு மணிக்கு மேல் எங்கள் சந்தே கண் செருகிக் கிடக்கும். கடை முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் நாற்காலியில் சாய்ந்து, தூங்கவில்லை என்று காட்டுவதற்காக ஒரு காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். நான் வெளிநாட்டு விலைப்பட்டியல்களைக் காவியம் போலப் படித்துக்கொண்டிருப்பேன். அப்படியொரு பிற்பகலில் மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே எஞ்சினியர் ஒருவர் மனைவியோடு வந்தார். அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். அதற்கு ரேடார் வேண்டுமாம்.

நான் பட்டியலை விரித்தேன். இருட்டான வட்டத் திரை, அதில் ஓயாமல் சுற்றும் ஒரு பச்சைக் கோடு, கோடு பட்ட இடமெல்லாம் ஒரு கணம் மின்னி மறையும் கரைகள். படத்தில் கோடு அசையாது. ஆனால் அவர் பார்த்த பார்வையில் அது சுற்றத் தொடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. ரேடாரின் எடை அவருடைய படகின் எடையைவிட அதிகம், அது இயங்கத் தேவையான மின்கலங்களை ஏற்றினால் அவர் கரையில்தான் நிற்க வேண்டும், தொலைவு பார்க்க அதற்கு உயரமும் வேண்டும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. மூவரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த அம்மாள் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: "இவர் படகு விடற எடத்துல தண்ணி முழங்காலுக்கு மேல கெடையாது. வழி தெரியலேன்னா எறங்கி நடந்து வந்துடுவார். ஆசைப்படறாரேன்னு நீங்க ஒண்ணும் வித்துடாதேங்கோ."

படகின் கதவு எண்

தேசப்பன் ஊரூர் குப்பத்துக்காரர். கட்டுமரத்தில் பிறந்தவர் என்றே சொல்லலாம். நாற்பது வயதில் எஞ்சின் வைத்த படகு ஒன்று வாங்கி, வடக்கே துறைமுகத்தை ஒட்டிக் கட்டி வைத்திருந்தார். அதுவரை அவர் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் மீன் பிடித்தவர். மயிலாப்பூர்க் கோபுரமும் சாந்தோம் மாதா கோயில் கோபுரமும் எப்படி விலகி நிற்கின்றன என்று பார்த்தே கடலில் தன் இடத்தைச் சொல்லிவிடுவார். இப்போது இரண்டும் மறையும் தூரம் போக வேண்டும் என்று ஆசை. அவர் மனைவி கன்னியம்மா அடையாற்றில் மீன் விற்பவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தாராளமாகப் போகலாம், ஆனால் திரும்பி வருவதற்கு உறுதியான ஒரு வழி செய்துகொண்டு போக வேண்டும். அந்த வழியைத் தேடித்தான் தேசப்பன் என்னிடம் வந்தார்.

கரையோடு பேசும் கருவிதான் சரி என்றேன். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். விண்ணப்பம் அனுப்பினோம், திரும்பி வந்தது. கருவி நிறுவப்படும் கட்டடத்தின் கதவு எண்ணையும் தெருவின் பெயரையும் குறிப்பிடவில்லையாம். படகு என்பது கட்டடம் ஆகாது என்று, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினேன். என் உரைநடையில் அதைவிடச் சிறந்தது கிடையாது. அதுவும் திரும்பி வந்தது. முகவரி முழுமையாக இல்லையாம். நான் குமுறிக்கொண்டிருக்க, தேசப்பன் விண்ணப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊட்டு நம்பரே எயுதிடு சார். ஆபீசருங்க வந்து பாத்தா பாக்கட்டும். படகு வெளிய போய்க்கீதுன்னு பக்கத்து ஊட்ல சொல்லி வக்கிறேன்."

இரும்பு ஆகாது

வீட்டு எண் எழுதிய விண்ணப்பமும் திரும்பி வந்து, பேசும் கருவி கிடைக்காது என்று ஆனபின், ஒரு நல்ல திசைகாட்டியும் வானிலைச் செய்தி கேட்க ஒரு ரேடியோவும் போதும் என்று முடிவு செய்தோம். ரேடியோவைப் பாட்டுக் கேட்பதற்காக அவர் ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்டார். அந்த வாரத்தில் நான் திசைகாட்டியைப் பொருத்தினேன். படகுத் திசைகாட்டியில் முள் கிடையாது. எண் எழுதிய தட்டு ஒன்று எண்ணெயில் மிதக்கும். இதை நான் எல்லோரிடமும் திருத்திச் சொல்வேன், எல்லோரும் தலையாட்டிவிட்டு முள் என்றே சொல்வார்கள். துறைமுகத்தில் தெரிந்த குறிகளோடு ஒப்பிட்டு, தட்டு சரியாக நிற்கிறது என்று பார்த்தேன். பிறகு பாடம் தொடங்கியது. இரும்பு எதுவும் கிட்டே வரக்கூடாது. நங்கூரம் முன்பக்கம் போனது, கத்தி போனது, தகர டப்பா போனது, தேசப்பனின் அரைஞாணில் தொங்கிய பெட்டிச் சாவியைக்கூட அவிழ்க்கச் சொன்னேன். "கன்னத்துல படற காத்தைப் பாத்துப் படகு ஓட்டறதை இன்னியோட விட்டுடு. காத்து மாறும், முள்ளு மாறாது" என்றேன். அந்த வேகத்தில் நானும் முள் என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ரேடியோ வந்தது. எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெரிய ஒலிபெருக்கி உள்ளதாகத் தேர்ந்திருந்தேன். சுக்கான் பிடிப்பவர் கண் எதிரில் தேக்குப் பலகை ஒன்று அடித்து, விளம்பரப் படத்தில் பார்த்தது போலவே, திசைகாட்டிக்குப் பக்கத்தில் ரேடியோவை அளவெடுத்துப் பதித்தேன். மெருகு காய்வதற்குள் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சியே நேரில் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார்வாள், கல்யாண போட்டோவுல மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரில்லா ஒட்டி நிக்கி! யாரு கண்ணும் படாம இருக்கணும்" என்றார்.

நாலு மணி

அது ஐப்பசி மாதம். காலையிலிருந்து சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வானம்; மழையும் இல்லை, மழை இல்லாமலும் இல்லை. கடையில் நாலைந்து ரேடியோக்கள் மெல்லிய குரலில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. நான் பழுதுபார்க்க வந்த பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, பாதிக் கனவில் இருந்தேன். நாலு மணிக்குக் கன்னியம்மா நனைந்த சேலையோடு உள்ளே வந்தார். விடியலில் கரை மறையும் தூரத்துக்கு முதல் முறையாகப் போன தேசப்பன், பகல் பன்னிரண்டுக்கு வந்திருக்க வேண்டும். கூட இரண்டு பேர் வேறு. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. கைவசம் இருந்த டீசல் மாலை வரைக்கும்தான் வரும்.

திசைகாட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிக்கொண்டே கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். அது மேஜைக்குப் போகவில்லை. டக் என்று திரும்பி, பிரித்துக் கிடந்த ரேடியோவின் ஒலிபெருக்கியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒலிபெருக்கியின் முதுகில் காந்தம் உண்டு. அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஒரு சாவியை அவிழ்க்கச் சொன்ன நான், உள்ளங்கை அகலக் காந்தத்தைத் திசைகாட்டியின் தோளோடு தோளாகப் பதித்து மெருகும் பூசியிருக்கிறேன். கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. பாடிக்கொண்டிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இத்தினி ரேடியோ வச்சிக்கினு கீறியே சார், ஒண்ணுலயாவது அந்தாளு கொரலு கேக்குமா?"

குப்பத்து மணலில்

அடையாறு போகும் பஸ்ஸில் கன்னியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். காந்தம் எப்படி இழுக்கும் என்று விளக்கவும் தொடங்கினேன்; படகைப் போகும்போதும் தெற்கே தள்ளியிருக்கும், காந்தமும் படகோடு சேர்ந்து திரும்புவதால் வரும்போதும் தெற்கே தள்ளியிருக்கும், கரையைக் காணாமல் கரையோடு போய்க்கொண்டே இருப்பார்கள் என்று. அவர் இடைமறித்து, "ரேடியோல காந்தம் கீதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். "தெரியும்மா." "தெரிஞ்சேவா வச்சே?" நான் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டேன். ஊரூர் குப்பத்து மணலில் போய் நின்றோம். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் கோடு எங்கே என்று தெரியவில்லை. ஜனங்கள் வந்து கூடினார்கள், சும்மா நின்றார்கள். நேரம் ஓடியதா நின்றதா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு, தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு படகு கரையை ஒட்டி ஊர்ந்து வந்தது. அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டார்கள். ஒரு கட்டுமரம் போய் மூன்று பேரையும் ஏற்றி வந்தது. கன்னியம்மா கணவரை ஒரு அடி அடித்தார், பிறகுதான் அழுதார். தேசப்பன் என்னைப் பார்த்ததும், கோபத்தின் சுவடே இல்லாமல், அதிசயம் சொல்கிறவர் போலச் சொல்லத் தொடங்கினார். காற்று ஒன்று சொல்கிறது, முள் ஒன்று சொல்கிறது. என் பேச்சைக் கேட்டு முள்ளையே நம்பியிருக்கிறார். மழை வலுத்ததும் ரேடியோ நனையக் கூடாதே என்று பலகையிலிருந்து பெயர்த்தெடுத்து முன்பக்கம் இருந்தவரிடம் கொடுத்தாராம். உடனே முள் தூக்கத்திலிருந்து விழித்தது போலத் திரும்பியதாம். எந்த முள்ளை நம்புவது என்று தெரியாமல், அவர் ரேடியோவையே கேட்டிருக்கிறார். வீட்டில் வைத்திருந்த ஒரு வாரத்தில் பெட்டியின் குணம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: பெட்டியின் குறுகலான பக்கம் வானொலி நிலையத்தை நோக்கித் திரும்பினால் பாட்டு தேய்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஏரியல் கம்பியின் வேலை அது. நான் தடிப் புத்தகத்தில் படித்தது. படகுக்காரருக்கு எதற்கு என்று சொல்லாமல் விட்டது. அவர் முன்பக்கம் போய், பெட்டியை மடியில் வைத்து, மழைக்குள் மெல்லச் சுற்றிச் சுற்றி, பாட்டு மறையும் பக்கத்தைப் பிடித்திருக்கிறார். புதிதாகத் திரும்பிய முள்ளும், கன்னத்தில் பட்ட காற்றும் அதை ஒப்புக்கொண்டன. அந்தப் பக்கமே படகைத் திருப்பினார். கையை நீட்டி, இருட்டத் தொடங்கிய நகரத்தைக் காட்டிச் சொன்னார்: "சத்தம் எந்தப் பக்கமா சாவுதோ, அந்தப் பக்கம்தான் சார் நம்ம ஊரு."

கன்னியம்மாவின் சட்டம்

மறுநாள் ரேடியோவைப் படகின் முன்மூலைக்கு மாற்றினேன். வேலை முடியும்வரை கன்னியம்மா கூடவே நின்றார். பிறகு ஒரு சட்டம் போட்டார்: இனி எந்தப் படகில் எதைப் பொருத்தினாலும், பொருத்தியவர் முதல் நாள் அதே படகில் கரை மறையும் தூரம் போய் வர வேண்டும். அண்ணாச்சி இதை ஏற்றுக்கொண்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே போனேன். முதலில் மணலும் கட்டுமரங்களும் மறைந்தன, பிறகு தென்னைகள். மயிலாப்பூர்க் கோபுரம் விரல் அளவாகி, நகத்தளவாகி, கரையில் நான் விட்டுவந்த, நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய இரண்டு புத்தகங்களோடு தண்ணீருக்குள் இறங்கியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வட்டம், நாங்கள் நடுவில். ரேடியோவில் யாரோ வீணை வாசித்தார்கள். இவ்வளவு அமைதியை நான் எங்கும் கண்டதில்லை; இவ்வளவு பயத்தையும்தான். தேசப்பன் எழுந்து, சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார். கரை எந்தப் பக்கம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "என் மூஞ்சில இன்னா சார் எயுதிக்கீது? முள்ளப் பாரு. நீ வச்சதுதானே?"

அன்றிலிருந்து தொழிலை விடும்வரை நான் பொருத்திய கருவி எதிலும் ஒரு பிழைகூட நேரவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.