சண்டைக்குப் படம் கிடைக்கவில்லை

பெரம்பலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஒரு படத்தைக் காட்டினால் அதிலிருக்கும் கூட்டம் என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்: வரிசையில் நிற்கிறதா, பேசிக்கொண்டிருக்கிறதா, சண்டை போடுகிறதா. இதுதான் எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் புராஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் நிறையப் படங்களைக் காட்டிப் பழக்கினால்தான் அது கற்றுக்கொள்ளும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் வகுப்புத் தோழியின் அத்தா, அதாவது அப்பா, துபாயிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டோம்.

வரிசைக்குச் சிறுவாச்சூர் கோயிலில் ஒரு காலை போதுமாக இருந்தது. பேச்சுக்கு எங்கள் ஹாஸ்டல். சண்டைதான் கிடைக்கவில்லை. ஒரு வாரம் அலைந்தோம். போன இடமெல்லாம் ஜனங்கள் ஒற்றுமையாகவே இருந்தார்கள்.

"டவுன் பஸ்ல ஏறுறத எடுத்தா என்னடி? பாக்க அப்படியேதான இருக்கும்," என்றாள் ரூம்மேட்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். தா.பழூர் பஸ் வந்து நிற்பதற்குள் துண்டு, பை, ஒரு குழந்தை எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே போயின. கேமராவைத் தூக்கினேன். முண்டியடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பேப்பர்காரங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் ரூம்மேட், "ஆமாங்க்கா," என்றுவிட்டாள்.

அவ்வளவுதான். "போட்டோ புடிக்கிறாங்க, ஒழுங்கா நில்லுங்க!" என்று அக்கா ஒரு அதட்டல் போட்டார். மொத்தக் கூட்டமும் தலையைக் கோதிக்கொண்டு வரிசையாக நின்று சிரித்தது. கண்டக்டர்கூடக் காலரைச் சரிசெய்தார்.

அடுத்தடுத்த பஸ்களைத் துப்பட்டாவுக்குள் கேமராவை மறைத்துக்கொண்டுதான் எடுத்தோம். அத்தனைக்கும் கூசாமல் 'சண்டை' என்று பெயர் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் காட்டினோம். அதுவும் நம்பிவிட்டது. ஆட்கள் நெருங்கிக் கைகள் நீண்டால் அதற்குச் சண்டை.

வாய்மொழித் தேர்வான வைவா அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "உங்க படம் வேணாம், நானே எடுக்குறேன்," என்று கேமராவை வாங்கினார். அந்நேரம் பார்த்து டீயும் வடையும் வந்தன. எங்கள் துறைத் தலைவர் எச்.ஓ.டி.யும் ஆசிரியர்களும் தட்டைச் சூழ்ந்து கைநீட்டியதை அவர் எடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றினோம். சண்டை என்றது.

எச்.ஓ.டி. முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது?"

எக்ஸாமினர் திரையில் வடைத் தட்டுக்கு நேரே விரலை வைத்தார். பிறகு, "சார், கடைசி வடை யாருக்குக் கெடச்சுது?" என்றார்.

எச்.ஓ.டி. மெதுவாக வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மார்க் நன்றாகவே வந்தது. எச்.ஓ.டி. மட்டும், நாங்கள் படிப்பை முடித்துக் கிளம்பும்வரை, எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.