மேசைமேல் பாம்பு, வீட்டுக்குள் தொட்டில்

சாமிக்குப் போடுகிற தகடுகளை வைத்துத்தான் நான் இங்கிலீஷ் படித்தேன்.

சங்கரன்கோவிலில், கோவில் வாசலுக்கு எதிர்த்த தெருவில் என் கடை. கடை என்றால் ஒரு மேசை, மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். வெள்ளி மாதிரி மினுங்குகிற மெல்லிய தகட்டில் அச்சடித்த உருவங்கள் விற்கிறேன். பாம்பு, தேள், கண், கை, கால், வீடு, ஆண், பெண், குழந்தை கிடக்கிற தொட்டில். வீட்டில் பாம்பைப் பார்த்தவர்கள் பாம்பு வாங்குவார்கள். மூட்டுவலிக்காரர்கள் கால், பிள்ளை வரம் கேட்கிறவர்கள் தொட்டில் வாங்குவார்கள். உள்ளே கொண்டுபோய் உண்டியலில் போட்டால் மனசு லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு எத்தனை போட்டும் லேசானதில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். என் பிறவி அப்படி.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மகளைத்தான் படிக்க வைத்தோம். கல்யாணமாகி, லண்டனிலிருந்து ரயிலில் போக வேண்டிய ஏதோ ஓர் ஊருக்குப் போய்விட்டாள். அந்த நாட்டுக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு ஒன்றில் அவளுக்கு உதவியாளர் வேலை. பிறகு வயிற்றில் பிள்ளை உண்டானது. தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வர முடியாது, நான் அங்கே போவது என்று முடிவாயிற்று. விசாவுக்கு எழுதிப்போட்டு, பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

"யம்மா, எனக்கு வலி எடுக்கும்போது அவரு வேலைல இருந்தாருன்னா நர்ஸ் உன்கிட்டதான் கேப்பா. துண்டு எங்க, பை எங்க, பிள்ளைக்குச் சட்டை எங்கன்னு. நீ பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கக் கூடாது" என்றாள் மகள்.

அதனால் இன், ஆன், அண்டர் எல்லாம் முதலில் படிக்க வேண்டும் என்றாள். மதியம் கோவில் நடை சாத்தியதும் தெருவில் ஆள் இருக்காது. அவளுக்கு அப்போதுதான் காலை. வகுப்பில் காட்டுகிற படங்களைப் போனில் அனுப்பினாள். ஒரு பெட்டி, ஒரு பந்து. பெட்டிக்குள்ளே பந்து, பெட்டிமேலே பந்து, பெட்டிக்குப் பின்னாலே பந்து.

"இது என்ன, பந்து பாதியா வெட்டுப்பட்டிருக்கு?"

"வெட்டுப்படலம்மா. பெட்டிக்குப் பின்னால இருக்கு. பாதி மறைஞ்சிருக்கு."

"அதை எப்படி நான் நம்ப? பின்னால கையை விட்டுப் பாக்கவா முடியும்?"

அவள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. வகுப்பிலும் ஒருத்தி இப்படித்தான் கேட்டாளாம், படம் வேண்டாம், பொருளைக் காட்டு என்று. "உன் மேசையிலதான் ஊருப்பட்ட சாமான் கெடக்கே. அதை எடும்மா."

அப்படித்தான் தகடுகள் வந்தன. இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்தி, வீட்டுத் தகட்டைக் கூரை மாதிரி மேலே சாய்த்தேன். தி ஸ்னேக் இஸ் ஆன் தி டேபிள். தி மேன் இஸ் பிஹைண்ட் தி ஹவுஸ். போனை எதிரே நிறுத்தியிருந்ததால் எனக்கு முன்னால் இருப்பது அவளுக்குப் பின்னால் தெரியும். அதற்கு ஒரு சண்டை. கடைசியில் போனை என் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன், இருவரும் ஒரே பக்கமிருந்து பார்க்க. கை கடுத்துப்போகும். ஆனால் அவள் என் பின்னாலே நின்று எட்டிப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

பக்கத்துக் கடையில் விளக்கும் எண்ணெயும் விற்கிற அண்ணாச்சி ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அம்மனுக்குப் போடுத சாமான வச்சு வெள்ளக்காரன் பாசையா? அம்மன் கோவிச்சுக்கிட்டு இங்கிலீசுல ஏசப் போறா."

"ஏசட்டும் அண்ணாச்சி. இப்ப எனக்குப் பாதி வெளங்கும்லா."

ஒன்றை மட்டும் நான் செய்யவே மாட்டேன். நெக்ஸ்ட் டூ என்ற பாடத்துக்கு, பாம்பைத் தொட்டில் பக்கத்தில் வை என்றாள் மகள். மாட்டேன் என்றேன்.

"தகடும்மா அது."

"தகடா இருந்தா என்ன? பிள்ளை பக்கத்துல பாம்பை வைக்க எனக்குக் கை வராது. தேளும் வேண்டாம். வேற ஏதாவது கேளு."

"சரி தாயே. தொட்டிலை எங்கதான் வைப்ப?"

வீட்டுக்குள்ளே வைப்பேன். எந்தப் பாடமானாலும் தொட்டிலை முதலில் அந்தக் கூரைக்கு உள்ளே தள்ளிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். தி பேபி இஸ் இன் தி ஹவுஸ். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்குத் தடுக்காமல் வந்தது. பஸ்ஸில் போகும்போது சொல்வேன். அரிசி களையும்போது சொல்வேன். பாடத்துக்காகச் சொன்னேனா, வேண்டுதலாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. விசா வந்தபாடில்லை. ஒரு மதியம், தீப்பெட்டிகளை நிறுத்தி, தொட்டிலை உள்ளே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். போன் அடித்தது. திரையில் மருமகன் முகம்.

"அத்தை."

"என்ன மாப்பிள, அவ எங்க?"

"ஆஸ்பத்திரில இருக்கோம். நேத்துலேர்ந்து அசைவு இல்லன்னு சொன்னா. வந்து பாத்தாங்க." அவர் கீழே பார்த்தார். "துடிப்பு இல்ல, அத்தை."

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. பிரசவம் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம், வலி வரவழைத்திருக்கிறார்களாம் என்று அவர் சொன்னது மட்டும் காதில் நிற்கிறது. என் பிள்ளை அங்கே வலிபட்டுக்கொண்டிருந்தாள். நான் இங்கே கூரை சாய்த்த தீப்பெட்டி வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். துண்டு எங்கே, பை எங்கே, சட்டை எங்கே. அந்த அறைக்காகத்தான் அத்தனை வார்த்தையும் படித்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நான் போட்டது போட்டபடி எழுந்து போய்விட்டேன். அண்ணாச்சிதான் என் கடையை எடுத்து வைத்தார். தீப்பெட்டி சரிந்து, தகடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தனவாம். எந்தத் தகடு எதன் பக்கத்தில் கிடந்தது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பயம் பிடித்திருக்கும்.

அதன் பிறகு பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா இல்லை. போனால் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

"இந்த மேசையை விட்டுட்டு நீ எங்கம்மா போயிரப் போற?" என்றார் அண்ணாச்சி.

மகள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று மருமகன் சொல்லித்தான் தெரியும். தொட்டில் தகடுகளை எல்லாம் சரக்குப் பெட்டியில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். கேட்டவர்களுக்கு இல்லை என்றேன். மதியம் தெரு ஓய்ந்ததும் கை தானாகப் போனை எடுக்கும். வைத்துவிடுவேன்.

மழை பிடித்திருந்த ஒருநாள் அவளே கூப்பிட்டாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. நான் தீப்பெட்டியைத் தேடினேன்.

"பாடம் வேண்டாம்மா. போனை மேசைல சாத்தி வையி. நீ யாவாரத்தைப் பாரு. நான் சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

அண்ணாச்சியிடம் ஒரு எண்ணெய் டின் வாங்கி, அதில் சாய்த்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரத் தெருவை, நனைந்த பூக்கூடையை, என்னை. நடை திறக்கிற நேரம் ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் புருஷனைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "தொட்டில் தகடு இருக்காக்கா?" என்றாள்.

நான் போனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நகர்ந்து நின்றேன். "இல்லம்மா, தீந்துட்டு" என்றேன், குரலைத் தாழ்த்தி.

முதுகுக்குப் பின்னால் மகளின் குரல் வந்தது.

"யம்மா. கீழ பெட்டிக்குள்ள இருக்கும்லா. எடுத்துக் குடு. பாவம், வந்து நிக்காங்க."

குனிந்து பெட்டியை இழுத்தேன். குனிந்தவள் நிமிர நேரமானது. ஒரு தகட்டை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு மகள் கேட்டாள். "நெளியாததாப் பாத்துக் குடுத்தியா?"

"ஆமா மக்கா. நல்லதாப் பாத்துத்தான்."

அவள் போனை வைக்கவில்லை. நடை திறந்து கூட்டம் நெருக்க ஆரம்பித்தது. யாராவது இடித்துப் போன் சரிந்துவிடுமோ என்ற பயத்தில், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறுகையால் வியாபாரம் பார்த்தேன்.