வரிசையில் எட்டாவது பெண்

இதில் ஒரு சொல்லும் இட்டுக்கட்டியதல்ல. நம்ப மாட்டேன் என்பவர்கள் வீடியோக்காரர் ஜெராட்டைப் பிடித்துக் கேட்கலாம். ஆனால் அந்த வீடியோவை அவர் இப்போது யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று இருபத்தைந்து வருடம் லண்டன் முழுக்கக் கமெராவோடு திரிந்தவர். மாப்பிள்ளை வீட்டாருக்கே பயப்படாதவர். அவரே பயந்துபோனார்.

நடந்தது கடந்த டிசம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கோலியர்ஸ் வுட் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கும் ஒரு சமூக மண்டபத்தில். நடந்தது வைத்தியநாதனுக்கு.

வைத்தியநாதன் என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முன்னால் ‘திரை ஆய்வாளர்’ என்று போட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர், ஓய்வுபெற்ற மறுவாரமே ஆய்வாளராகிவிட்டார். அன்று அவருடைய முதல் நூலுக்கு வெளியீட்டு விழா. ‘கம்பிகளுக்குப் பின்னால் ஒரு கலை: பிரித்தானியப் பெண் சிறைப் படங்கள் பற்றிய அழகியல் விசாரணை.’ பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் அவர் படம். அந்த யோசனைக்காக அவர் பதினேழு தடவை படமெடுக்க வேண்டியிருந்தது.

ஐம்பதுகளில் இந்த ஊரில் கொஞ்சக் காசில், மூன்று வாரத்தில் எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. செய்யாத குற்றத்துக்கு ஒரு இளம் பெண் சிறைக்கு வருவாள். இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு முரட்டுக் காவலாளி நடப்பாள். ஒரே நடைவழியை இரண்டு பக்கமும் நின்று படமெடுத்து, பெரிய சிறை என்று காட்டுவார்கள். சலவை அறையில் ஒரு சண்டை. கடைசியில் பெரிய கதவு திறக்கும்.

உண்மையைச் சொன்னால், இந்தப் படங்களை வைத்தியநாதன் பார்த்ததே இல்லை. பார்த்தவள் அவர் மனைவி செல்வமலர்.

செல்வமலருக்கு மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை அலுவலகம் கூட்டித் துடைக்கிற ஷிப்ட். அதற்குமுன் மத்தியானத்தில் தொலைக்காட்சியில் பழைய படம் போவதைத் தனியே இருந்து பார்ப்பாள். அவள் ஆங்கிலம் படித்ததே அந்தச் சிறைகளில்தான். ஒவ்வொரு படத்தையும் பற்றி ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவைப்பாள். பதினொரு கொப்பிகள். “உந்தக் குப்பையை நிப்பாட்டும்” என்று வைத்தியநாதன் சொல்லுவார். அவள் சத்தத்தைக் குறைப்பாள். படத்தை நிப்பாட்ட மாட்டாள்.

அவள் செத்து மூன்று வருடம். கொப்பிகள் அலுமாரியின் அடித்தட்டில் கிடைத்தன. குப்பை ஆய்வாகிவிட்டது.

“சுவர் ஆடுது. ஆரோ முட்டிப்போட்டினம்” என்று அவள் எழுதியிருந்தாள். அவர் அதை ‘அதிகாரக் கட்டுமானத்தின் உள்ளார்ந்த நிலையாமை’ என்று ஆக்கினார். “இது பனியில்லை, சவர்க்காரத் தூள்” என்பது ‘இயற்கையின் போலிமை குறித்த நகைமுரண்’ ஆயிற்று. ஒரே ஒரு குறிப்பை மட்டும் அவரால் எப்படியும் ஆய்வாக்க முடியவில்லை. விட்டுவிட்டார். “எல்லாப் படத்திலயும் கடைசியில ஒருத்தி விடுதலையாகி வாறா. வாசல்ல நிக்க ஒருத்தரும் இல்லை.”

நூலில் எங்கேயும் செல்வமலரின் பெயர் இல்லை.

அழைப்பிதழில் ‘பி.ப. 3.00 மணி, சரியாக’ என்று போட்டிருந்தது. மூன்று என்று போட்டால்தான் சனம் ஐந்துக்காவது வரும். வருகிறவர்களுக்கும் அது தெரியும், போடுகிறவர்களுக்கும் தெரியும். பிரதம விருந்தினர், சமாதான நீதவான் ஸ்ரீஸ்கந்தராஜா, சனம் நிறைந்த பிறகுதான் காரை விட்டு இறங்குவார். ஆனால் மண்டபச் சாவி இரண்டரைக்கே கைக்கு வந்துவிட்டது.

2.50. ஜெராட் திரையைத் தொங்கவிட்டு, படம் காட்டும் புரொஜெக்டரைப் பொருத்தி, கடைசி வரிசைக்குப் பின்னால் கமெராவை நிறுத்தினார்.

“கமெரா ஓடட்டும் அண்ணை, வெளிச்சம் எப்பிடி விழுதெண்டு பிறகு பாக்கலாம். நான் நோர்பரிக்குப் போய் நீதவானை ஏத்திக்கொண்டு வாறன்.”

“கெதியா வா. கதவைச் சாத்திப்போட்டுப் போ, குளிர்.”

கதவின் பூட்டு தானாக விழுந்தது. உட்கார எண்பது கதிரைகள். ஒரு மனிதர்.

3.05. மகள் ஆரணி போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, புக் பாத்தன். அம்மாட பேர் எங்க?”

“நன்றியுரையில சொல்லுவன் பிள்ளை.”

“ப்ரொமிஸ்?”

“ஓம், ஓம்.”

“சொன்னா நான் வீட்ட வருவன். சொல்லாட்டி, இனி எனக்கு போன் பண்ணாதேங்கோ. சீரியஸாச் சொல்றன்.”

வைத்துவிட்டாள். வைத்தியநாதனுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற அந்த ஒரு போன். அவர் மைக் முன்னால் போய் நின்று இருமினார். பொன்னிறத் தாள் சுற்றிய முதல் பிரதியைக் கையில் எடுத்து, காற்றுக்குக் கொடுத்துப் பழகினார். நன்றியுரையையும் சொல்லிப் பார்த்தார். நீதவான், மண்டபக்காரர், தேநீருக்கு ரோல்ஸ் தந்த கடைக்காரர்... எல்லோரும் அதில் வந்தார்கள். மனைவியின் பெயரை எங்கே செருகுவதென்றுதான் தெரியவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அவர் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சாரும்’ என்பார். அவள் திரும்புவாள்.

3.24. விழாவில் காட்டவிருந்த படத்துண்டை ஓடவிட்டார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. சிறை முற்றம். வரிசையாகப் பெண்கள். காவலாளி பதிவேட்டைப் பார்த்து இலக்கங்களைக் கூப்பிடுகிறாள். ஒவ்வொருத்தியும் “யெஸ், மேடம்” என்கிறாள்.

சும்மா விரல்விட்டு எண்ணினார். எட்டு யெஸ் மேடம்.

ஆனால் கொப்பியில், ஆகவே நூலிலும், “ஏழு பேர். ஏழாவது ஆளின்ட காலுக்குச் சப்பாத்து பெரிசு” என்றுதான் இருந்தது. செல்வமலர் எண்ணிக்கையில் பிழைவிடுகிறவள் அல்ல.

3.29. மறுபடி ஓடவிட்டார். திரையில் ஏழு பெண்கள். ஏழு பேரும் சொல்லி முடித்தார்கள். எட்டாவது “யெஸ், மேடம்” திரையிலிருந்து வரவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார். யாரும் இல்லை. கடைசி வரிசையில், கதவோரக் கதிரை மட்டும் கதவுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. எல்லாக் கதிரைகளையும் அவரே நேராக அடுக்கியிருந்தார்.

எந்த விழாவுக்குப் போனாலும் செல்வமலர் அங்கேதான் இருப்பாள். ஷிப்டுக்கு ஓட வேண்டுமே. நன்றியுரைக்கு முன்னரே எழுந்து போய்விடுவாள்.

ஜெராட்தான் தட்டியிருப்பார் என்று சொல்லிக்கொண்டு கதிரையை நேராக்கினார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

3.41. வாசலில் வரவேற்புத் தட்டம். பன்னீர், கற்கண்டு, சந்தனம், குங்குமம். மழமழவென்று தடவிவைத்த சந்தனத்தில் ஒரு விரல் பட்ட குழி.

“வாங்கோ... ஆர்?” என்றார்.

கதவு பூட்டியபடியே இருந்தது.

3.57. வெளியே இருட்டிவிட்டது. டிசம்பரில் லண்டன் அப்படித்தான். மண்டபத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் மட்டும். அவர் அதை ஓடவிடவில்லை. அதுவாகவே ஓடத் தொடங்கியிருந்தது.

வரிசையில் எட்டுப் பேர்.

எட்டாவது பெண் உயரத்தில் கட்டை. ஏழாவது பெண்ணுக்குப் பின்னால் முகம் மறைந்திருந்தது. மற்றவர்களுக்குக் கைதி உடுப்பு. அவளுக்கு உடுப்பின் மேல் ஒரு கையில்லாத துப்புரவு வேலைச் சட்டை. நீலம்.

கறுப்பு வெள்ளைப் படம் அது. நீலமென்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

காலில் வெள்ளைச் சப்பாத்து. அவர்தான் டூட்டிங் கடையில் வாங்கிக் கொடுத்தது. ஓர் அளவு பெரிது. மலிவென்று வாங்கியது.

திரையின் ஓரத்தில் 1.40. படத்துண்டு முடிய வேண்டும்.

முடியவில்லை.

1.55... 2.10... 2.30...

ஏழு பெண்களும் அசையாமல் நின்றார்கள். காவலாளி பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். முற்றத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள்.

“நேம்?” என்றாள்.

அந்தப் படங்களில் பெயர் கேட்பதில்லை. இலக்கம்தான்.

“நேம்?”

வைத்தியநாதன் முதல் பிரதியை நெஞ்சோடு அணைத்தபடி வாயைத் திறந்தார். பழக்கம்தான் வந்தது.

“இஞ்சாரும்...”

எட்டாவது பெண்ணின் தலை மெல்ல அசைந்தது. காவலாளி எழுதவில்லை. பேனா காத்திருந்தது.

சாவிக்கொத்துச் சத்தம். சிலிங்... சிலிங்... கதிரைகளுக்கு நடுவில்.

“நேம்?”

“செல்வமலர்!” என்று கத்தினார். “எழுதினது... செல்வமலர்!”

பேனா ஓடியது.

கையில் ஏதோ பட்டது... ஐஸ்.

கையில் ஏதோ பட்டது... ஐஸ்.

4.02.

விளக்கைப் போட்டபோது முதல் பிரதி அவர் கையில் இல்லை. மேடைக்குக் கீழேயும் இல்லை. ஐந்து மணிக்கு ஜெராட் வந்து கதவைத் தட்டும்வரை அவர் மூலையோடு மூலையாக நின்றார்.

ஐந்தேகாலுக்குச் சனம் வந்தது. சனம் வந்தால் பேய்க்கு எங்கே இடம்? ரோல்ஸ் வாசம், பிள்ளைகளின் கூச்சல், நீதவானுக்கு முன்வரிசை போதாதென்ற சண்டை. இரண்டாம் பிரதிக்குப் பொன்னிறத் தாள் சுற்றி, அதையே முதல் பிரதி என்று நீதவானிடம் கொடுத்தார்கள். அவர் நூலைத் திறக்காமலே இருபத்தாறு நிமிடம் புகழ்ந்தார்.

ஆரணி ஆறு மணிக்கு வந்தாள். கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் உட்கார்ந்தாள்.

நன்றியுரை. வைத்தியநாதன் மகளைப் பார்த்தார். கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தார். பொன்னாடையைத் தடவினார். பயம் போயிருந்தது. பயத்தில் வந்த உண்மையும் அதோடு போயிருந்தது. நீதவானுக்கு நன்றி, மண்டபத்துக்கு நன்றி, ரோல்ஸுக்கு நன்றி. அவ்வளவுதான்.

கைதட்டல் ஓய்ந்து பார்த்தபோது கதவோரக் கதிரை வெறுமையாக இருந்தது. கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் போன் வரவில்லை என்று சொல்ல வந்தேன். இரண்டாவது ஞாயிறு வருவதற்கு முன்பே, இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை, ஜெராட் வைத்தியநாதன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாலை 7.15. லாப்டொப்பை மேசையில் வைத்தார்.

“அண்ணை, உங்கட விழாவுக்கு நேரத்துக்கு வந்தது ஒரே ஒரு ஆள்தான். பாருங்கோ.”

வீடியோவில் மண்டபம். தூரத்தில் வைத்தியநாதன் விரல்விட்டு எண்ணுகிறார். திரையில் பெண்களின் வாய் அசைகிறது. சத்தம் இல்லை.

“படத்துச் சத்தம் எங்க?”

“சத்தமோ? ஸ்பீக்கருக்குப் போற வயர் என்ட வான் வண்டிக்குள்ள எல்லோ கிடந்தது. அஞ்சு மணிக்கு வந்துதான் பூட்டினனான். அதுவரைக்கும் படம் ஊமைதான் அண்ணை.”

வைத்தியநாதன் லாப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

வீடியோவில் 4.01. “செல்வமலர்!” என்று அவர் குரல் கத்துகிறது. கதவோரக் கதிரையிலிருந்து ஒரு பெண் எழுகிறாள். கட்டை. நீலச் சட்டை. வெள்ளைச் சப்பாத்து கழன்று கழன்று போகிறது. நேரே போய் இரண்டு கையாலும் முதல் பிரதியை வாங்குகிறாள். ஏதோ சொல்கிறாள். திரும்பி நடக்கிறாள். பின்னால் திரை வெளிச்சம், முகம் தெரியவில்லை.

“ஆரண்ணை அவ? உங்களோட கதைச்சுப்போட்டெல்லோ போறா.”

“நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை...”

ஜெராட் சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல். பிறகு, காதுக்குப் பக்கத்தில் சொன்னதுபோல்...

“வாசல்ல நில்லுங்கோ. ஷிப்ட் முடிஞ்சு வாறன்.”

வைத்தியநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

சுவர் மணிக்கூட்டில் 7.40. ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து அவள் வீட்டுக்கு வருகிற நேரம். அத்தனை வருடமும் தன் சாவியால் தானே திறந்து வருவாள்.

வெளியே கேட்டின் கொண்டி... ணங்.

“அண்ணை, ஆரும் வருகினமோ?”

வைத்தியநாதன் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எழும்பவில்லை.

பூட்டுக்குள் சாவி திரும்பியது. ஒரு தடவை. பிறகு நின்றுவிட்டது.

இரண்டு நிமிடம் கழித்து ஜெராட்தான் போய்த் திறந்தார். யாரும் இல்லை. கால்மிதியில் பொன்னிறத் தாள் பிரித்த முதல் பிரதி. அட்டையில் ஆசிரியர் பெயர் மறைய சந்தன விரல் அழுத்தித் தேய்த்திருந்தது. கடைசி வெற்றுப் பக்கத்தில், பதினொரு கொப்பிகளிலும் இருந்த அதே கையெழுத்து. மை இன்னும் காயவில்லை. ஜெராட்டின் பெருவிரலில் ஒட்டியது.

“வாசல்ல ஒருத்தரும் இல்லை.”